பிளாஸ்மா தொலைக்காட்சியும் படத் தரத்தை மதிப்பிட்ட வரலாறும்: திருத்தணி வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

2006 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. கொடுக்கப்பட்டவை 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள். 2011-இல் திட்டம் நிறுத்தப்படும் வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குச் சென்றன. அதே ஆண்டுகளில்தான் 42 அங்குல பிளாஸ்மா தொலைக்காட்சிகள் நகரங்களின் காட்சிக்கூடங்களிலிருந்து சிறு ஊர்களின் கடைகளுக்கும் வந்து சேர்ந்தன. ஒரு பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் இருசக்கர வண்டி ஒன்றை வாங்கிவிடலாம்.

ஒரே வீட்டில் இந்த இரண்டையும் வைத்து, சுவரில் வரும் ஒரே கேபிளை மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தால் படம் எதில் நன்றாக இருக்கும்? பெரும்பாலும் இலவசப் பெட்டியில்தான். விலை உயர்ந்த திரையில் முகங்கள் மங்கி, ஓரங்கள் கலங்கி, மணல் தூவியது போல் தெரியும். பிளாஸ்மா மட்டமான கருவி என்பது இதற்குக் காரணமன்று. அக்காலத்தில் விற்பனைக்கு இருந்த தட்டைத் திரைகளில் படத் தரத்தில் அதுவே முன்னணியில் இருந்தது. இந்த முரண்பாடு ஏன் வந்தது என்பதை அறிய, தொலைக்காட்சிப் படத்தை மக்கள் எதை வைத்து ‘நல்ல படம்’ என்றார்கள் என்ற வரலாற்றைப் பார்க்க வேண்டும். அதற்குத் திருத்தணி பொருத்தமான ஊர். சென்னை ஒளிபரப்பின் எல்லையோரத்தில் இருந்த ஊர் அது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் ஊர்.

ஆன்டெனாக் காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. திருத்தணி, மாநில எல்லைத் திருத்தச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்த பகுதி. நிர்வாகத்தில் சென்னையோடு சேர்ந்த ஊர் அலைவரிசையில் அவ்வளவு எளிதாகச் சேர்ந்துவிடவில்லை.

தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். 150 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வரை தொடுவானத்துக்கு மேலே இருக்கும். வீட்டு மாடியில் 9 மீட்டர் உயரத்தில் கம்பம் நட்டால் இன்னும் 12 கிலோமீட்டர் கூடும். ஆக மொத்தம் 62. சென்னைக் கடற்கரையிலிருந்து திருத்தணி நேர்கோட்டில் 70 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அலை அங்கே அடியோடு நின்றுவிடாது. வளைந்து சிதறி வலுவிழந்து வரும். இத்தகைய ஊர்களில் உயரமான இரும்புக் குழாயும், பல குச்சிகள் கொண்ட ஆன்டெனாவும், அதன் அடியில் ஒரு பூஸ்டர் பெட்டியும் இல்லாமல் படம் பார்க்க முடியாது.

அன்றைய பெட்டிகள் கறுப்பு வெள்ளை. சாலிடேர், டயனோரா ஆகிய சென்னைத் தயாரிப்புகள் தமிழ் வீடுகளில் பழகிய பெயர்கள். ஆனால் வாங்கிய பெட்டி எதுவானாலும் தரத்தைத் தீர்மானித்தது மாடிதான். ஒருவர் மேலே நின்று குழாயைத் திருப்ப, கீழே திரைமுன் நிற்பவர் ‘இப்போ பரவாயில்லை, இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு’ என்று குரல் கொடுப்பார். தமிழ்நாட்டில் படத் தரத்தை மதிப்பிடும் முதல் முறை இதுதான். இதில் இரண்டு குறைகளுக்கு மக்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்று ‘புள்ளி புள்ளியாக வருகிறது’. அலையின் வலு குறைந்ததால் வருவது. மற்றொன்று ‘நிழல் விழுகிறது’. நேராக வந்த அலையோடு மலையிலோ கட்டடத்திலோ மோதித் திரும்பிய அலையும் சேர்ந்துகொள்வதால் வருவது.

இந்த நிழலுக்குத் துல்லியமான கணக்கு உண்டு. மோதித் திரும்பும் அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணித்தால் ஒரு மைக்ரோ நொடி தாமதமாகும். நம் ஒளிபரப்பு முறையில் ஒரு கோட்டைத் திரையில் வரைய ஆகும் நேரம் 52 மைக்ரோ நொடி. எனவே 40 சென்டிமீட்டர் அகலத் திரையில் செய்தி வாசிப்பவரின் முகத்துக்கு முக்கால் சென்டிமீட்டர் வலப்பக்கம் இன்னொரு மங்கலான முகம் தெரியும். மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது தவிர்க்க முடியாத தொல்லை.

1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தது; 1984-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடெங்கும் சிறு அஞ்சல் நிலையங்கள் பெருகின. 1990-களில் கேபிள் வந்ததும் குழாய்களுக்கு வேலை போயிற்று. சன் டிவி 1993 ஏப்ரல் 14-இல் தொடங்கியது. எல்லையோர ஊர்களுக்குக் கேபிளின் பெரிய கொடை தமிழும் தெலுங்கும் ஒரே கம்பியில் வந்ததுதான். ஆனால் கேபிளுக்கும் தனிக் குறை உண்டு. கம்பியில் செல்லச் செல்ல அலை தேயும். தேய்ந்ததை ஈடுசெய்ய இடையிடையே பெருக்கி வைப்பார்கள். ஒவ்வொரு பெருக்கியும் தன் பங்குக்கு இரைச்சலையும் சேர்த்து அனுப்பும். தெருவின் முதல் வீட்டில் பளிச்சென்று தெரியும் படம் கடைசி வீட்டில் மணலாக இருக்கும். பிளாஸ்மா வந்து சேர்ந்தது இந்தக் கம்பியின் முனைக்குத்தான்.

பிளாஸ்மா தோன்றிய விதம்

பிளாஸ்மா திரை வீட்டுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1964-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, மாணவர் ராபர்ட் வில்சன் ஆகியோர் கணினி வழிக் கல்விக்காக இதை உருவாக்கினர். அவர்கள் நடத்திய பிளேட்டோ என்னும் கல்வித் திட்டத்துக்கு, படத்தைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் மலிவான திரை தேவைப்பட்டது. தொடக்கத் திரைகள் செம்மஞ்சள் நிறத்தில் மட்டுமே எரிந்தன. முழு வண்ணத்துக்கு வர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பானின் புஜிட்சு நிறுவனம் 1992-இல் 21 அங்குல வண்ணத் திரையைக் காட்டியது; 1990-களின் பிற்பகுதியில் 42 அங்குலத் திரைகள் விற்பனைக்கு வந்தன.

இதன் தத்துவம் நம் வீட்டு டியூப்லைட்டுக்கு நெருங்கிய உறவு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே லட்சக்கணக்கான சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் நியான், செனான் வாயுக்களின் கலவை. மின்சாரம் பாய்ந்ததும் வாயு புற ஊதாக் கதிரை வெளியிடும். அது அறையின் உட்புறம் பூசிய சிவப்பு, பச்சை, நீல ஒளிர்பொருள்களில் ஒன்றை எரியச் செய்யும். எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் உள்ள திரவப் படிகம் ஜன்னல் கதவுபோல் அதை மறைக்கும். கதவு எவ்வளவு இறுக மூடினாலும் சிறிது ஒளி கசியும். பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. வேண்டாத இடத்தில் அதை ஏறக்குறைய அணைத்துவிடலாம்.

‘ஏறக்குறைய’ என்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த முறை உடனே பற்றிக்கொள்வதற்காக ஒவ்வொரு அறையும் மிக மெல்லிய கனலில் வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கனலைக் குறைப்பதுதான் பிளாஸ்மாப் பொறியாளர்களின் நீண்ட போராட்டம். 2007-இல் பயனியர் நிறுவனம் அதில் பெரும் வெற்றி கண்டு, தன் திரைக்கு ‘குரோ’ என்று பெயரிட்டது. ஜப்பானிய மொழியில் குரோ என்றால் கறுப்பு. ஒளியை விற்கும் கருவிக்கு இருட்டின் பெயரைச் சூட்டியது வெறும் விளம்பரமன்று. கறுப்பு எவ்வளவு ஆழமோ, அதன்மேல் வைக்கும் நிறமும் அவ்வளவு துலங்கும். இருள் சூழ்ந்த தணிகை மலையின் விளக்கு வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வானம் சாம்பல் நிறமாகத் தெரியும் திரையில் அந்தக் காட்சியின் உயிரே போய்விடும்.

கடை வெளிச்சத்தில் நடந்த தேர்வு

படத் தரத்தை முறைப்படி மதிப்பிட உலக அளவில் விதிகள் உள்ளன. பன்னாட்டு வானொலி ஆலோசனைக் குழு 1974-இல் வெளியிட்ட 500-ஆம் எண் பரிந்துரை அவற்றுள் முக்கியமானது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி, மங்கலான வெளிச்சம் உள்ள அறையில், அளந்த தொலைவில், துறை வல்லுநர் அல்லாத பார்வையாளர்களை உட்கார வைக்க வேண்டும். குறைந்தது 15 பேர். கண் பார்வையும் நிறப் பார்வையும் சோதித்த பின்னரே அவர்கள் மதிப்பெண் இடலாம். மிக நன்று, நன்று, பரவாயில்லை, குறை, மோசம் என்று ஐந்து படிகள். மாடியில் குழாயைத் திருப்பியவரும் கீழே குரல் கொடுத்தவரும் செய்துகொண்டிருந்ததும் ஏறத்தாழ இதே ஐந்து படி மதிப்பீடுதான் என்பது வேடிக்கை.

கடையில் இந்த விதிகள் ஒவ்வொன்றும் தலைகீழாகின்றன. கூரை முழுவதும் டியூப்லைட். ஒன்றையொட்டி ஒன்றாக இருபது திரைகள். பார்வையாளர் நிற்பது மூன்று அடி தொலைவில். இந்த நிலையில் கண் இரண்டை மட்டுமே ஒப்பிடும்: எது அதிக வெளிச்சம், எது அதிக வெண்மை. இரண்டிலும் பிளாஸ்மா தோற்றது.

வெளிச்சத்தில் தோற்றதற்குக் காரணம் அதன் மின்கட்டுப்பாடு. திரை முழுவதும் வெண்மையாக இருந்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே சமயத்தில் எரிய வேண்டும். மின்செலவும் வெப்பமும் எல்லை மீறும். அதனால் கருவி தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். இருட்டுக் காட்சியில் ஒரு சிறு தீபம் மட்டும் எரிந்தால் அது கண்ணைப் பறிக்கும். வெள்ளைச் சட்டை அணிந்த கிரிக்கெட் வீரர்கள் வெயிலில் நின்றால் சற்று மங்கும். போதாக்குறைக்கு, முன்புறக் கண்ணாடி கடையின் விளக்குகளை அப்படியே பிரதிபலிக்கும். அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய கறுப்பு அந்தப் பிரதிபலிப்பில் சாம்பலாகிவிடும்.

வெண்மையில் தோற்றது இன்னும் சுவையான கதை. ஒளிபரப்புத் துறையில் வெள்ளை என்பதற்கு வரையறை உண்டு: ஏறத்தாழ 6500 கெல்வின், மேகமூட்டமான பகல் ஒளிக்கு நெருங்கியது. ஆனால் கடைத் திரைகள் 10,000 கெல்வினையும் தாண்டி, நீலம் கலந்த வெள்ளையில் வைக்கப்பட்டிருக்கும். துவைத்த வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டால் அது கூடுதல் வெள்ளையாகத் தோன்றுகிறதல்லவா, அதே தந்திரம். நீலம் போட்ட திரைக்குப் பக்கத்தில் சரியான வெள்ளை பழுப்பாகத் தெரியும். தனியே வீட்டில் வைத்தால் நிலைமை மாறும்: நீலத் திரையில் நம் மக்களின் மாநிறம் சோகை பிடித்ததுபோல் வெளிறும், சரியான திரையில் தோல் தோலாக இருக்கும். எந்தக் கடையிலும் தோல் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க அவகாசம் கிடைக்காது.

திருத்தணிக்காரருக்கு இதற்கென ஒரு நல்ல உரைகல் கையிலேயே உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் காவடிக் கூட்டத்தைக் காட்டும் ஏதாவது ஒரு பதிவைத் திரையில் ஓட விடலாம். மஞ்சள் ஆடை, சாமந்தி, அவற்றுக்கிடையே காவி, குங்குமம் என ஒன்றையொன்று நெருங்கிய நிறங்கள். தவறாக வைத்த திரையில் இவை எல்லாம் ஒரே ஆரஞ்சுக் குழம்பாகிவிடும். நல்ல திரையில் சாமந்தியின் மஞ்சளும் துணியின் மஞ்சளும் வேறு வேறாக நிற்கும். நேரில் பார்த்த கண்ணுக்கு எந்த அளவுக் கருவியும் வேண்டாம்.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் மாறாதது, வேகமான அசைவில் படம் இழுபடாதது ஆகிய இரண்டும் பிளாஸ்மாவின் உண்மையான பலங்கள். கூடம் நிறைய ஆள்கள் தரையில் மூலைக்கொருவராக உட்கார்ந்து பார்க்கும் நம் வீடுகளுக்கு முதலாவது பலம் மிக முக்கியம். அக்கால எல்சிடி திரைகளில் ஓரத்தில் அமர்ந்தவருக்கு வெளிறிய படமே கிடைத்தது. ஆனால் கடையில் யாரும் மூலையில் போய் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

பிளாஸ்மாவுக்கு உண்மையான குறைகளும் இருந்தன. அதன் புள்ளிக்கு எரியவும் அணையவும் மட்டுமே தெரியும். பாதி ஒளி தெரியாது. எனவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தையும் எட்டு முதல் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி, சிலவற்றில் எரித்துச் சிலவற்றில் அணைத்து, இடைப்பட்ட ஒளியைக் கண்ணுக்குப் போலியாகக் காட்டும். அருகில் போய்ப் பார்த்தால் இருண்ட பகுதிகளில் எறும்பு மொய்ப்பது போன்ற அசைவு தெரிவது இதனால்தான்.

எச்டி என்ற முத்திரை

உயர் வரையறைத் தொலைக்காட்சிக்கான ஆய்வை ஜப்பானின் என்எச்கே நிறுவனம் 1960-களிலேயே தொடங்கிவிட்டது. நம் பழைய ஒளிபரப்பில் 625 கோடுகள். அவற்றில் படமாகத் தெரிபவை 576. முழு எச்டியில் 1080. தொடக்க கால 42 அங்குல பிளாஸ்மாக்களில் பல 852-க்கு 480 புள்ளிகள் கொண்டவை. அதாவது தூர்தர்ஷன் அனுப்பிய 576 கோடுகளைக்கூட அவற்றால் முழுதாகக் காட்ட முடியாது! பின்னர் 1024-க்கு 768 புள்ளிகள் கொண்டவை ‘எச்டி ரெடி’ என்ற பெயரில் வந்தன. 2005-இல் ஐரோப்பாவில் வகுத்த அந்த முத்திரைக்குக் குறைந்தது 720 கோடுகள் போதும். அகலத்தில் எத்தனை புள்ளிகள் என்று அது கேட்பதில்லை.

ஆனால் புள்ளிக் கணக்கையே பிடித்துக்கொண்டு சண்டை போட்டவர்களும் கண்ணை மறந்துவிட்டார்கள். சராசரி நல்ல பார்வை பிரித்தறியும் எல்லை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 42 அங்குலத் திரையின் உயரம் 52 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், 1080 கோடுகளைத் தனித்தனியே உணர ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். 768 கோடுகளுக்கு ஏழே முக்கால் அடி போதும். பத்தடிக்கு அப்பால் போனால் பழைய 576 கோடுகளே கண்ணுக்கு நிறைவாக இருக்கும். எதிர்ச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்காருபவருக்கு ‘எச்டி ரெடி’க்கும் ‘முழு எச்டி’க்கும் கொடுத்த விலை வேறுபாடு தெரிய வாய்ப்பே இல்லை. கறுப்பின் ஆழமோ எந்தத் தொலைவிலிருந்தும் தெரியும்.

இனித் தொடக்கத்தில் சொன்ன முரண்பாட்டுக்கு வரலாம். 14 அங்குலத் திரை கம்பியில் வந்த இரைச்சலைச் சுருக்கி மறைத்தது. 42 அங்குலத் திரையின் பரப்பு அதைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. இரைச்சலும் அதே அளவு பெருகியது. அதோடு பழைய நிகழ்ச்சிகள் நான்குக்கு மூன்று என்ற வடிவில் வந்தன. திரையோ பதினாறுக்கு ஒன்பது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விடுவது காசு கொடுத்த திரையை வீணாக்குவதாகத் தோன்றியதால், ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்திப் படத்தை இழுத்துவிட்டார்கள். கதாநாயகிகள் ஓர் இரவில் பருத்துப்போனார்கள்.

அந்தத் திரைக்குத் தீனி தாமதமாகவே வந்தது. சன் டைரக்ட் 2007-இல் தொடங்கியது; தூர்தர்ஷனின் எச்டி ஒளிபரப்பு 2010 அக்டோபரில் தில்லிக் காமன்வெல்த் போட்டிகளோடு வந்தது; சன் டிவி, தெலுங்கின் ஜெமினி டிவி ஆகியவற்றின் எச்டி அலைவரிசைகள் 2011 டிசம்பரில் வந்தன. அதற்கு முன் எச்டி பிளாஸ்மா வாங்கிய தமிழ் வீட்டில் எச்டி தரத்தில் பார்க்கத் தமிழில் ஒரு தொடர்கூட இல்லை. வாங்கியவர் ஏமாந்தவர் அல்லர். ஆனால் கடையில் ஓடிய விளம்பர வட்டில் பார்த்த படம் தன் வீட்டுக் கம்பியில் வராது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மின்வெட்டும் மூலைச் சின்னமும்

ஒரே உருவம் நெடுநேரம் நின்றால் பிளாஸ்மாவின் ஒளிர்பொருள் அந்த இடத்தில் மட்டும் கூடுதலாகத் தேயும். நம் வீடுகளில் மாலை ஆறரைக்குத் தொடங்கும் தொடர்கள் இரவு பத்தரை வரை ஒரே அலைவரிசையில் ஓடும். மூலையில் அசையாத சின்னம், அடியில் செய்தி ஓடும் பட்டை. சில ஆண்டுகள் கழித்து வேறு அலைவரிசைக்கு மாற்றினாலும் பழைய சின்னத்தின் நிழல் அங்கேயே நிற்கும். பிற்காலக் கருவிகள் படத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் சிறிது சிறிதாக நகர்த்தி இதைக் குறைத்தன, முற்றிலும் தீர்க்கவில்லை.

மற்றொன்று மின்சாரம். 2008-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தமிழ்நாட்டைக் கடும் மின்வெட்டு வாட்டியது. சென்னைக்கு வெளியே அது இன்னும் கொடுமை. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. இரண்டு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு தொலைக்காட்சி என்பதுதான் அதன் கணக்கு. 42 அங்குல பிளாஸ்மா காட்சிக்கேற்ப 200 வாட் அளவிலும் அதற்கு மேலும் இழுக்கும். அப்போது புதிதாக வந்த எல்இடி பின்விளக்குத் திரைகள் அதில் பாதிக்கும் குறைவாகக் கேட்டன. தன் வீட்டில் மின்விசிறியை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பதா என்ற கேள்வி எழும்போது கறுப்பின் ஆழத்துக்கு யாரும் வாக்களிக்கமாட்டார்கள். அதைக் குறை சொல்லவும் முடியாது.

உற்பத்தி நின்ற ஆண்டுகள்

பயனியர் 2009-இல் தொலைக்காட்சித் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. பானாசோனிக் 2013-இன் இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் 2014-இல் நிறுத்தின. சாம்சங் 2007-இல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை திருத்தணியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அங்கே தொலைக்காட்சிகள் தொடர்ந்து உருவாயின. பிளாஸ்மா மட்டும் கடைகளிலிருந்து மறைந்தது. புள்ளிக்குப் புள்ளி தானே ஒளிரும் திரை என்ற கருத்து பின்னர் ஓஎல்இடி வடிவில் திரும்பி வந்தது; வாயுவின் இடத்தில் கரிமச் சேர்மம், அதே ஆழ்ந்த கறுப்பு, அதே மூலைச் சின்னத்தின் அச்சமும் கூட.

மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்துவந்த தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது 2017 ஏப்ரலில். அப்போது கடைசி பிளாஸ்மாத் திரை ஆலையை விட்டு வெளியேறி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.